தோண்டிய பிறகு என்ன? தொல்லியல் மரபு மேலாண்மைப் படிப்பைப் பல்கலைக்கழகத்தில் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

அரிக்கமேட்டுக்குப் போயிருக்கிறீர்களா? புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் மாமரங்களுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர்கள் சில நிற்கும். 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் அப்போதைய தலைவர் மார்ட்டிமர் வீலர் இங்கே குழி போட்டார். மண்ணடுக்கு பார்த்துத் தோண்டும் முறையை நம்மவர்கள் பழகிய இடங்களில் இதுவும் ஒன்று. 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று பின்னால் வந்தவர்களும் தோண்டினார்கள். அரிட்டைன் என்ற இத்தாலியச் சிவப்புப் பாண்டத்தின் ஓடும், ஆம்போரா என்ற ரோமானிய மதுச்சாடியும் எந்த ஊர் என்று கேட்டால் வரலாறு படிக்கும் எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் கூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த மேட்டின் எல்லை எதுவரை, பக்கத்தில் வீடு கட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், கிடைத்த பொருள்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன, ஆற்றங்கரை அரிப்புக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். எம்.ஏ. முடித்தவரும் முழிப்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் அவருக்குத் தோண்டக் கற்றுக்கொடுத்தோம், அதுவும் பெரும்பாலும் கரும்பலகையில். வைத்துக் காப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது தொல்லியலுக்கு நல்ல காலம். கீழடியில் 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியதை 2018 முதல் மாநிலத் துறை தொடர்கிறது. மாநிலத் துறை நடத்திய முதல் பருவத்தில், அதாவது நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருள்கள் கிடைத்தன. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. சிவகளை, மயிலாடும்பாறை இரும்பின் காலக்கணிப்பு தலைப்புச் செய்தியானது. ஒரு குழியைச் சில மாதங்களில் தோண்டி மூடிவிடலாம். அதிலிருந்து வந்த பொருளை நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருக்க வேண்டும். அதற்கு ஆள் எங்கே?

அந்த ஆளை உருவாக்கும் படிப்புதான் தொல்லியல் மரபு மேலாண்மை. இலங்கையில் மரபுரிமை என்பார்கள். நிலத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துப் பதிவது, சட்டப்படி காப்பது, தோண்டி எடுத்ததைப் பேணுவது, ஊராரோடு பேசுவது, பார்க்க வருபவருக்குப் புரியவைப்பது, இத்தனைக்கும் பணம் தேடுவது எல்லாம் இதில் அடக்கம். தொல்லெச்சம் எளிதில் அழியக்கூடியது, போனால் மீண்டும் உண்டாக்க முடியாதது என்கிறது நினைவுச் சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இக்கோமோஸின் 1990ஆம் ஆண்டுச் சாசனம். அந்தக் கணக்கில் பார்த்தால் அகழாய்வே ஒருவகை அழிவுதான். பதிவு செய்துகொண்டு அழிக்கிறோம், அவ்வளவே.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் ஒரு வரலாற்றுத் துறையை வைத்துக்கொண்டு இரண்டாண்டு முதுகலை ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதியது.

படி 1: பாடத்திட்டத்துக்கு முன் ஒரு மேட்டைத் தேடுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, நான்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை இறக்கி, ஒட்டி, பதினாறு தாள்கள் தயாரிப்பது. அதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வளாகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய ஒரு தொல்லியல் இடத்தைப் பிடியுங்கள். இரண்டாண்டும் அந்த இடத்தைச் சுற்றித்தான் ஓடப்போகிறது. மாணவர் அங்கே ஒருமுறை சுற்றுலா போவது போதாது. வெயிலிலும் மழையிலும் திருவிழா நாளிலும் ஜேசிபி வந்து நிற்கும் நாளிலும் அதைப் பார்க்க வேண்டும்.

பெயர் பெற்ற இடம் வேண்டாம் என்பது என் எண்ணம். கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் கவலைப்பட ஆள் இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தாழிக்காடு (முதுமக்கள் தாழி புதைந்த இடம்), பாதி வெட்டிய நத்தமேடு (பழைய குடியிருப்பு மேடு), சமணர் படுக்கை உள்ள ஒரு குன்று, நடுகற்கள் சிதறிக் கிடக்கும் ஏரிக்கரை, இப்படி ஒன்று போதும்.

கண்டுபிடிக்க வழி? ஊர்ப்பெயரும் நிலப்பெயரும் முதல் சாட்சி. பானையடிமேடு, சாம்பல் மேடு, பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று எங்காவது காதில் விழுந்தால் நின்று விசாரியுங்கள். பாண்டவர் வீடு என்று ஊர் சொல்வது பல இடங்களில் பெருங்கற்காலத்து ஈமச்சின்னமான கல்திட்டையாகவோ கல்பதுக்கையாகவோ இருக்கும். அடுத்தது ஆடு மேய்ப்பவர். தரையை அவர் அளவுக்கு உற்றுப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அப்புறம் கிராம நிர்வாக அலுவலர். அவரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடும் கிராம வரைபடமும் புலப்படமும் இந்தப் படிப்பின் முதல் பாடநூல்கள். மேடு எந்த சர்வே எண்ணில் வருகிறது, புறம்போக்கா பட்டாவா, பட்டா என்றால் எத்தனை பேருக்கு, உட்பிரிவு ஆகிவிட்டதா என்பது தெரியாமல் ஓர் இடத்தைக் காக்கப் புறப்படுவது, வீட்டுக்காரர் யார் என்று தெரியாமல் வெள்ளையடிக்கப் போவது மாதிரி.

ஒரு கண்டிப்பு. இந்தக் கட்டத்தில் மண்ணில் கை வைக்கக் கூடாது. அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். மேலே கிடக்கும் பானை ஓட்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். படம் எடுக்கலாம், இடம் குறிக்கலாம். ஓடு அங்கேயே இருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் இது சட்டப் பிரச்சினையும் ஆகும்.

படி 2: பட்டத்துக்கு என்ன பெயர்?

சின்ன விஷயம் மாதிரி தெரியும். மாணவர் வாழ்க்கையே இதில்தான் மாட்டும்.

நம் ஊரில் புதுப் பெயரில் பட்டம் வாங்கியவர்கள் படும் பாடு ஊரறிந்தது. அரசு வேலை அறிவிப்பில் ‘எம்.ஏ. வரலாறு’ என்று இருக்கும். இவர் கையில் ‘எம்.ஏ. மரபு மேலாண்மையும் பண்பாட்டு ஆய்வுகளும்’ என்று அழகான சான்றிதழ் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க இணைக் கல்வித் தகுதி ஆணை வேண்டும். அதற்குத் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வழியாகப் போக வேண்டும். ஆணை வருவதற்குள் நேர்காணல் முடிந்துவிடும்.

அதனால் தாய்ப் பட்டத்தை விடாதீர்கள். ‘எம்.ஏ. வரலாறு’ அல்லது ‘எம்.ஏ. தொல்லியல்’ என்பதை முன்னால் வைத்து, சிறப்புப் பிரிவாக மரபு மேலாண்மையைச் சேருங்கள். தேர்வாணையம் தொல்லியல் அலுவலர், அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிகளுக்கு இதுவரை வெளியிட்ட அறிவிப்புகளை எடுத்து, கல்வித் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படித்துவிட்டுப் பெயர் வையுங்கள். முதல் அணி சேர்வதற்கு முன்பே இணைத் தகுதிக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும்.

வேறு யார் இந்தப் படிப்பை நடத்துகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை 1959இல் தொடங்கிய தொல்லியல் பள்ளி 1985இல் நிறுவனமாகி, இப்போது கிரேட்டர் நொய்டாவில் இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. ஓர் அணிக்கு 15 இடங்கள்தான். 2020இல் அதன் சேர்க்கை அறிவிப்பில் செம்மொழிப் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். மாநிலத் தொல்லியல் துறையும் டிப்ளமோ நடத்துகிறது. புனேயின் டெக்கான் கல்லூரியும் பரோடா பல்கலைக்கழகமும் தொல்லியலில் பெயர் பெற்றவை. இவர்களோடு அகழாய்வில் போட்டி போட உங்களால் முடியாது, தேவையும் இல்லை. அவர்கள் விட்டு வைத்திருக்கும் இடம் பெரியது.

படி 3: ஆட்களைச் சேருங்கள், பாதிப் பேர் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்

நிலவியல் துறையில் மண்ணும் கல்லும் தெரிந்தவர் இருப்பார். வேதியியலில் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று சொல்ல ஆள் இருக்கிறது. சிவில் துறையில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி உறையோடு தூங்கிக்கொண்டிருக்கும். தமிழ்த் துறை, சட்டம், மேலாண்மை எல்லாவற்றிலும் ஒரு கை கடன் வாங்குங்கள். துறைத் தலைவர்களுக்கு இடையே உள்ள பழைய பகைகளைத் தீர்ப்பது எப்படி என்பதற்கு என்னிடம் வழிகாட்டி இல்லை. டீ வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வர வேண்டியவர்கள்தான் முக்கியம். கல்வெட்டு மைப்படி (மையால் தாளில் எடுக்கும் படி) எடுத்தே ஓய்வு பெற்ற துறை ஊழியர், கோயில் திருப்பணி பார்த்த ஸ்தபதி, அருங்காட்சியக வேதியியலர், முன்னாள் வட்டாட்சியர் போன்றவர்களிடம் முனைவர் பட்டம் இருக்காது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ ஏற்பாடு இவர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை, மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம் வரை அமர்த்தலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றிருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சிறப்பு விரிவுரையாளர் என்றாவது அழையுங்கள். மைப்படி எடுப்பதைப் பற்றி நூறு பக்கம் படிப்பதைவிட, ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி பிரஷ்ஷால் தட்டும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்பது மேல்.

படி 4: பாடத்திட்டம்

முதல் பருவம் நிலமும் சட்டமும். நில அளவைத் தாள்கள் படிப்பது, இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் (இலவசம்தான்), மேற்பரப்பாய்வு, ஓடுகளை இனம் பிரிப்பது எல்லாம் இதில் வரும். நெடுநேரம் நிற்க வேண்டியது சட்டத்தில். தொல்லியல் படித்தவர்கள் இதில்தான் வெறுங்கையோடு வெளியே போகிறார்கள்.

சட்டத்தைப் பிரிவு எண்ணாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு சம்பவத்தைக் கொடுங்கள். ஒரு விவசாயி தன் நிலத்தில் கிணறு வெட்டுகிறார். பத்தடி ஆழத்தில் ஓர் உலோகச் சிலை. அடுத்து என்ன நடக்க வேண்டும்?

1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், இன்றைக்கும் பத்து ரூபாய்தான். சிலை நூறாண்டுக்கு மேற்பட்டது என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டமும் வருகிறது. கிணறு இருக்கும் இடம் மத்தியப் பாதுகாப்புச் சின்னம் ஒன்றிலிருந்து 80 மீட்டரில் இருந்தால்? 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்துவிட்டன. முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மாநிலப் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நிலம் கோயிலுக்குச் சொந்தம் என்று யாராவது சொன்னால் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தையும் புரட்ட வேண்டும். அதற்குள் ஊரில் சிலைக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, கொட்டகை போட்டிருப்பார்கள். வட்டாட்சியர் ஜீப்பில் வந்து இறங்கும்போது கூட்டம் எடுக்கவிடாது.

வகுப்பில் ஒருவர் விவசாயி, ஒருவர் வட்டாட்சியர், ஒருவர் காப்பாட்சியர், மீதிப் பேர் ஊர்க்கூட்டம் என்று பிரித்து விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஐந்து சட்டமும் மண்டையில் ஏறும். யார் குரலை உயர்த்துகிறார், யார் உட்கார்ந்து பேசுகிறார் என்று பார்த்தால் யார் நல்ல மேலாளர் ஆவார் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாம் பருவம் பொருள். பதிவு, பேணுதல், வைப்பறை, அருங்காட்சியகம். பதிவு ஏன் முக்கியம் என்று சொல்ல ஸ்ரீபுரந்தான் நடராசரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடுபோன அந்தச் சோழர் சிலை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பி வந்தது. அது நம் கோயிலில்தான் இருந்தது என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் சாட்சி சொன்னது. எடுத்தவர் திருடனைப் பிடிக்கும் எண்ணத்தில் எடுக்கவில்லை. ஒழுங்காக எடுத்து, ஒழுங்காக எண் போட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த ஊர்க் கோயில், நடுகல், கல்வெட்டு இவற்றில் ஏதாவது நாற்பதைப் படத்தோடும் அளவோடும் இடக்குறிப்போடும் பதிந்து தர வேண்டும் என்று வையுங்கள். பத்தாண்டில் உங்கள் துறையிடம் மாவட்டப் பட்டியல் ஒன்று சேர்ந்துவிடும்.

மூன்றாம் பருவம் மனிதர்கள். இதில் மேடைப்பேச்சு வராமல் பார்த்துக்கொள்வது கடினம். ‘மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறைக்கப்படும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அரிட்டாபட்டிக்கு அழைத்துப் போங்கள். மதுரை மாவட்டத்தில், மேலூர் பக்கம், குன்றுகளும் சுனைகளும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் சமணர் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அதை அறிவித்தார்கள். அதன் ஒரு பகுதியையும் சேர்த்து 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கல்வெட்டின் காலத்தை ஊர்க்காரர்களுக்கு யாரும் போய் வகுப்பு எடுத்ததால் இது நடக்கவில்லை. கண்மாயும் குன்றும் சாமியும் அவர்களுக்கு ஒன்றோடொன்று பிணைந்தவை. விழிப்புணர்வு யாருக்குத் தேவை என்ற கேள்வியோடு பிள்ளைகள் பஸ் ஏறுவார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, சில இடங்களில் எனாமல் பெயின்ட் அடித்து. எழுத்து மறைகிறதே என்று கல்வெட்டு ஆள் பதறுகிறார். ஆனால் அந்த வழிபாடுதான் கல்லைக் கல்குவாரிக்குப் போகாமல் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. எண்ணெயை நிறுத்தச் சொல்லலாமா? கூடாது என்பேன் நான். முதலில் பூசாரியின் சம்மதத்தோடு சுத்தம் செய்து, படியெடுத்து, படம் எடுத்துவிட்டு, அவர் பூசையை அவரிடமே விட்டுவிடலாம். எனாமல் பெயின்ட் பற்றி மட்டும் மெதுவாகப் பேசிப் பார்க்கலாம். இதை ஒத்துக்கொள்ளாத பேராசிரியர்கள் உண்டு. வகுப்பில் இரு தரப்பும் வரட்டும்.

கோயில் திருப்பணியும் இங்கேதான் வர வேண்டும். கும்பாபிஷேகம் என்று பத்திரிகை அடித்தாலே கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மணல் வீச்சில் கல்லின் மேல்தோல் உரிந்த கதையும், தரையை உயர்த்திப் போட்டதில் அதிட்டானத்துக் (அடித்தளத்துக்) கல்வெட்டு புதைந்த கதையும் எல்லா மாவட்டத்திலும் உண்டு. பழஞ்சின்னங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பூசை நடக்கும் கோயிலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஸ்தபதியே வந்து வாதாடட்டும். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலக மரபுச் சின்னமாகி, 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தபோது பட்டியலில் வந்த பெயரே ‘வாழும் பெரும் சோழர் கோயில்கள்’ என்பதுதான். அந்த ‘வாழும்’ என்ற சொல்லுக்குள் ஒரு பருவத்துக்கான பாடம் இருக்கிறது.

சுற்றுலா, நுழைவுக் கட்டணம், தகவல் பலகை எழுதுவது ஆகியவை இதே பருவத்தில். பலகை எழுதுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அறுபது சொல்லில், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில், ஒரு கல்வட்டத்தைப் பற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

நான்காம் பருவத்தைப் படி 7இல் சொல்கிறேன்.

படி 5: களத்துக்கும் நாட்காட்டிக்கும் உள்ள சண்டை

மாநிலத் துறையின் அகழாய்வுகள் வழக்கமாக வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தொடங்கி, செப்டம்பர் வாக்கில் முடியும். நம் பருவத் தேர்வுகள் ஏப்ரலிலும் நவம்பரிலும். களத்தில் வேலை சூடுபிடிக்கும்போது மாணவர் ஹால் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருப்பார். இதைத் தீர்க்க எளிய வழி, முதலாண்டு முடிந்த மே, ஜூன் மாதங்களில் ஆறு வாரக் கட்டாயக் களப் பயிற்சியை மதிப்பெண்ணோடு வைப்பது. வெயில் கொளுத்தும். கொளுத்தட்டும்.

துறையோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போது மாணவர் என்ன செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் ஆறு வாரமும் ஓடு கழுவ வைப்பார்கள். ஓடு கழுவுவது நல்ல பாடம்தான், ஆனால் ஒரு வாரம் போதும். மீதி நாட்களில் பதிவேடு, வரைபடம், மாதிரி சேகரிப்பு, வைப்பறை, பார்வையாளருக்கு விளக்கம் என்று சுழற்சி வேண்டும். காலக்கணிப்புக்கான கரித்துண்டை வெறுங்கையால் தொடாமல் எடுத்து அலுமினியத் தாளில் மடிப்பதை ஒருமுறையாவது தன் கையால் செய்ய வேண்டும்.

தினக்கூலிக்கு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண்களின் பக்கத்தில் உட்கார வையுங்கள். மண் நிறம் மாறுவதைக் கொத்து படும் ஓசையிலேயே சொல்லிவிடும் அக்காமார்கள் பல களங்களில் இருக்கிறார்கள்.

படி 6: ஆய்வகத்துக்கு முன் வைப்பறை

நிதி வந்ததும் எல்லோரும் கருவி வாங்குவார்கள். நான் சொல்வேன், முதலில் ஒரு நல்ல அறையும் இரும்பு ரேக்கும் வாங்குங்கள். நான் நேரில் பார்த்த ஒரு கல்லூரியில், இருபது வருடம் மாணவர்கள் மேற்பரப்பாய்வில் சேர்த்த ஓடுகள் மாடிப்படிக்கு அடியில் சாக்குமூட்டையில் கிடந்தன. ஆய்வுக் குழு வருகிறது என்று வெள்ளையடித்தபோது ‘குப்பை’ என்று அள்ளிவிட்டார்கள். அள்ளியவரைத் திட்டி என்ன பயன்? மூட்டையில் ஒரு சீட்டுக்கூட இல்லை.

அறை தரைத்தளத்தில், கூரை ஒழுகாமல், வெயில் நேரே விழாமல் இருக்க வேண்டும். ஓடுகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் உள்பக்கம் ஓரமாக எண் எழுத வேண்டும். நேரடியாக மையால் எழுதாமல், அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, அதன்மேல் இந்தியன் இங்க் எழுத்து, அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு. பிற்காலத்தில் வேண்டாமென்றால் அழித்துவிடலாம். இரும்புப் பொருள்களைத் தனியாக, காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை பார்த்து மாற்றும் பொறுப்பை ஒரு மாணவர் பெயரில் போடுங்கள். பதிவேடு கணினியிலும் இருக்கட்டும், தடித்த அட்டை நோட்டிலும் இருக்கட்டும்.

அறிக்கையும் வைப்பறை வேலையின் பகுதிதான். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டியதன் முழு அறிக்கை வெளிவர பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. அதே மேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்கும், பின்னர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போயின. ஓர் இடத்தின் பொருளும் தாளும் இப்படிச் சிதறினால் அடுத்த ஆராய்ச்சியாளர் முதல் ஐந்து வருடத்தைத் தேடுவதிலேயே கழிப்பார்.

படி 7: கடைசிப் பருவம், ஒரே ஒரு வேலை

ஆய்வேடு வேண்டாம். ‘பாண்டியர் காலச் சமூக வாழ்வு’ வகைத் தலைப்புகளுக்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். நான்காம் பருவத்தில் அணியே சேர்ந்து, படி 1இல் பிடித்த மேட்டுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும்.

அதில் என்ன இருக்க வேண்டும்? இடத்தின் வரைபடம், சர்வே எண்கள், நில உரிமையாளர் வகை. அங்கே என்ன இருக்கிறது, ஏன் அது முக்கியம். எதனால் ஆபத்து: மண் அள்ளுவதா, வீட்டு மனையா, மரவேரா, மழைநீரா. ஆபத்துகளை அவசர வரிசையில் போடுவது அணிக்குள் பெரிய சண்டையில் முடியும், அது நல்லது. அப்புறம் ஐந்தாண்டில் என்ன செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, யார் செய்வது. செலவுப் பட்டியலில் உள்ளூர் இரும்புக் கடை விலை இருக்க வேண்டும். வேலி போட வேண்டும் என்று எழுதினால் எத்தனை மீட்டர், ஆடு மாடு எந்த வழியாகப் போகும் என்றும் எழுத வேண்டும்.

இலங்கையில் 1998இல் தொல்பொருள் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட வகைக் கட்டுமானத் திட்டங்களுக்கு முன்கூட்டியே தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று ஆக்கினார்கள். களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தொல்பொருளியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் போன்றவற்றில் படித்தவர்களுக்கு அதனால் வேலையும் உண்டாயிற்று. இங்கே நான்குவழிச் சாலை போடும்போது அப்படி ஒரு பொதுக் கட்டாயம் இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் தேவைப்படப் போவது இந்த மாதிரித் திட்டம் எழுதத் தெரிந்த பிள்ளைகள்தான்.

படி 8: கோப்பு, பணம், சேர்க்கை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிமன்றக் குழு என்று கோப்பு மூன்று வாசல் ஏற வேண்டும். பாடத்திட்டக் குழுவில் மாநிலத் தொல்லியல் துறை அலுவலர் ஒருவரை வெளி உறுப்பினராகப் போடுங்கள், பின்னால் பல கதவு திறக்கும். சுயநிதிப் படிப்பாகத் தொடங்கச் சொல்லி அழுத்தம் வரும். கட்டணம் ஏறினால் களத்தில் வளர்ந்த, மண் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். 12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு வேனில் ஏறும் அளவுதான் களப்படிப்புக்குச் சரியான அளவு.

நுழைவுத் தேர்வில் ஒரு பானை ஓட்டைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் பார்க்கவிட்டு, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். காலம் தெரிய வேண்டியதில்லை. விளிம்பு, கனம், நிறம், சக்கரத் தடம் என்று பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் தேர்வு.

படி 9: வாய்மொழித் தேர்வு எங்கே?

மேலாண்மைத் திட்டத்தை வெளித் தேர்வாளர் இருவர் முன், குளிர்சாதன அறையில் வைக்கலாம். அதையும் வையுங்கள், விதிமுறை கேட்கும். ஆனால் மே 1 அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடும். நான்காம் பருவமும் அதை ஒட்டித்தான் முடிகிறது. ஊராட்சித் தலைவரிடம் முன்னமே சொல்லி, நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் வாங்கி, திட்டத்தின் சுருக்கத்தை நான்கு பக்கத் தமிழில் அடித்துக் கொடுத்துவிட்டு, மாணவர்களை அங்கே நிறுத்துங்கள்.

கேள்விகள் வரும். ‘இதனால என் பட்டா நிலம் போயிடுமா?’ என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். ‘தங்கம் ஏதும் இருக்கா தம்பி?’ என்பது இரண்டாவது. மேட்டில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் பாதை விடுவீர்களா என்று ஒரு பாட்டி கேட்பார். நூறு நாள் வேலையில் வேலி போட முடியுமா என்று வார்டு உறுப்பினர் கேட்பார். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மாணவர் திணறினாலும் எழுந்து போய் உதவ வேண்டாம். முதல் கேள்விக்குச் சட்டத்தையும் சர்வே எண்ணையும் சேர்த்து, உண்மையை மறைக்காமல், அந்த ஆளின் கண்ணைப் பார்த்து யார் பதில் சொல்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.